நல்லாய் இருந்த நாட்களையும் சொல்லுங்கள்

முதலில் கேட்ட பெயர் மனச்சோர்வு. பிறகு சொந்தபந்தம் ஆளுக்கொன்று சொன்னது: காதல், கண்ணூறு, ஏழரைச் சனி, ஐஸ் போதைப்பொருள். கனடாவில் இருக்கும் மச்சாள் வட்ஸ்அப்பில் ஏ.டி.எச்.டி., அதாவது கவனக்குறைவும் துருதுருப்பும் கூடிய நிலை, என்றார். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் என் மகளின் கிளினிக் கொப்பியில் கடைசியாக எழுதப்பட்ட பெயர் பைபோலர்: மனம் ஒரு காலம் சோர்ந்து விழுந்தும், இன்னொரு காலம் அளவுக்கு மீறி எகிறியும் போகிற நோய். அது உறுதியாவதற்குள் ஒரு வருஷம் போய்விட்டது. பைபோலருக்கு இது பெரிய தாமதமே இல்லையாம். வேறு பெயர்களோடும் வேறு குளிசைகளோடும் பல வருஷம் அலைந்தவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

மகளுக்கு இப்போது 17 வயது. இதை முதலில் அவளிடம்தான் வாசிக்கக் கொடுத்தேன். சில இடங்களை வெட்டிவிட்டு, "மிச்சத்தைப் போடுங்கோ" என்றாள்.

சாதாரண தரச் சோதனை முடிந்த கையோடு அவள் சுருண்டு படுத்தாள். சோதனைக் களை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிக்கொண்டு போகிற பிள்ளையின் தலையில் சிக்கு விழுந்தது. சாப்பிடக் கூப்பிட்டால் சீறி விழுந்தாள். அழுததாக எனக்கு ஞாபகமே இல்லை. இந்த வயதில் மனச்சோர்வு சோகமாக வராமல் எரிச்சலாகவும் வரும் என்பதைப் பிறகுதான் ஒரு டொக்டர் விளக்கினார். எனக்கு உண்மையில் பயம் வந்தது அவளது போனைப் பார்த்தபோது. சார்ஜ் இறங்கி மேசையில் நாட்கணக்காகக் கிடந்தது. பதினாறு வயதுப் பிள்ளை போனைத் தேடவில்லை என்றால் அது களை இல்லை.

ரவுணில் ஒரு தனியார் இடத்தில் சனல் பண்ணிக் காட்டினோம். வெளியே வாசல்வரை சனம். உள்ளே போய் இருந்ததும் கேள்வி, பதில், துண்டு. சில நிமிஷங்களில் முடிந்தது. கேள்விகளுக்கு அவள் வாய் திறக்கவில்லை, நான்தான் பதில் சொன்னேன். மனச்சோர்வு என்று சொல்லி, அதற்கு ஒரு குளிசையும் நித்திரைக்கு ஒரு குளிசையும் எழுதினார்கள். அன்றைக்குக் கண்முன்னே இருந்தது மனச்சோர்வுதான், அதைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. கேட்காமல் விட்ட கேள்விகளில்தான் எனக்குக் குறை. "இதற்கு நேர்மாறாக எப்போதாவது இருந்தாளா? குடும்பத்தில் யாருக்காவது இப்படி வந்ததா?" இந்த இரண்டையும் யாரும் கேட்கவில்லை. பைபோலர் பெரும்பாலும் 15 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில் தொடங்குகிறது. அநேகமாக முதலில் வருவது சோர்வுதான். வெறும் மனச்சோர்வு என்று நினைத்து அதற்கான குளிசையை மட்டும் கொடுத்தால், சிலருக்கு அது மனதை மறுபக்கம் தூக்கி எறிந்துவிடும். அதனால் இளம்பிள்ளைக்கு இந்தக் குளிசை தொடங்கினால் முதல் கிழமைகளில் அடிக்கடி திரும்பக் காட்டவேண்டும். எங்களை ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார்கள்.

அந்த மாதம் முடிவதற்குள் அவள் எழும்பிவிட்டாள். எழும்பின விதம்தான் விஷயம்.

நல்லூர் முருகன் கோயிலில் திருவிழாக் கொடி ஏறியிருந்தது. விடியப்புறம் மூன்று மணிக்கே முழுகி வெளிக்கிட்டு, கோயிலுக்குப் போய் அடியழித்துவிட்டு, வந்து வீடு கூட்டி, எனக்குத் தேத்தண்ணியும் போட்டு வைத்திருப்பாள். "நல்லூரான் கண் திறந்திட்டான்" என்று பெரியக்கா கண் கலங்கினார். உயர்தர வகுப்பும் தொடங்கியிருந்தது, இரவிரவாகப் படித்தாள். அயலட்டைப் பிள்ளைகளுக்கு அவளை உதாரணம் காட்டினார்கள். கிடந்த பிள்ளை எழும்பி நடமாடினால் எந்த வீட்டில்தான் சந்தோஷப்படமாட்டார்கள்?

எனக்குப் பொருந்தாமல் இருந்தது நித்திரை. சோதனைக்காக முழித்திருக்கிற பிள்ளை அடுத்தநாள் தூங்கி வழியும். இவள் இரண்டு மூன்று மணித்தியாலம் படுத்துவிட்டு, களைப்பின் அடையாளமே இல்லாமல் துள்ளிக்கொண்டு திரிந்தாள். நித்திரை வராமல் அவதிப்படுவது வேறு, நித்திரையே தேவைப்படாமல் இருப்பது வேறு. இந்த வித்தியாசத்தைச் சொன்னபோதுதான் பிறகு வார்ட்டில் டொக்டர் பேனையை எடுத்தார். பேச்சும் மாறியிருந்தது. ஒரு கதை முடியமுன் அடுத்தது, அதற்குள் இன்னொன்று; நாங்கள் வாய் திறக்க இடமில்லை. நடந்து வருகிற வகுப்புப் பிள்ளை ஒருத்திக்குத் தன் சைக்கிளைக் கொடுத்துவிட்டு வெயிலில் நடந்து வந்தாள். நல்ல குணம் என்றார் இவர், என் கணவர். சீட்டுக் காசை எடுத்துக்கொண்டு போய் வகுப்பு முழுவதுக்கும் நல்லூரடியில் ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தது தெரிந்தபோது இவரும் பேசாமல் இருந்துவிட்டார். ரியூசனில் மண்டபம் நிறைந்த பிள்ளைகளுக்கு முன்னால் எழும்பி, "சேர், உங்கட நிறுவல் பிழை" என்று சொல்லி, பலகையில் எழுதவும் போயிருக்கிறாள். கடைசியில், முருகன் தன்னோடு நேரே கதைக்கிறார் என்றாள்.

அதோடு வீடு இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் பார்வை பார்க்க வேண்டும், நூல் கட்ட வேண்டும் என்றது. மற்றப் பக்கம் ஐஸ் என்றது. நான் அவளை ஓட்டோவில் ஏற்றிப் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோனேன். அன்றே வார்ட்டில் வைத்தார்கள்.

அங்கே முதலில் செய்தது இரத்தமும் சலமும் எடுத்ததுதான். தைரொயிட் கூடினாலும் பிள்ளை இப்படிப் பரபரக்கும், குறைந்தாலும் சோர்ந்து கிடக்கும். சலத்தில் போதைப்பொருள் இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். "எங்கட பிள்ளையை என்னெண்டு நினைச்சினம்" என்று இவருக்குப் பொத்துக்கொண்டு வந்தது. இதில் கோபிக்க ஒன்றுமில்லை. ஐஸ் பாவித்தால் நித்திரை போகும், பேச்சு கூடும், குரல்கூடக் கேட்கும். அப்படியே இதே மாதிரி இருக்கும். அதைப் பார்க்காமல் மனநோய் என்று எழுதுகிற டொக்டரைத்தான் சந்தேகப்பட வேண்டும். இரண்டிலும் ஒன்றுமில்லை என்று வந்தது. ஊர் வாயை அடைக்கவும் அந்தத் துண்டு உதவியது.

முந்திய குளிசையை உடனே நிறுத்தினார்கள். நிறுத்தினதோடு அவளும் இறங்கியிருந்தால் குளிசையின் வேலை என்று முடிந்திருக்கும். இறங்கவில்லை. வேறு மருந்து தொடங்கி, கிழமைகள் போய்த்தான் நித்திரை திரும்பியது, முருகனின் குரலும் நின்றது. இது ஸ்கிசோஃப்ரீனியாவா, குரல் கேட்கிற அந்த மற்ற மனநோயா என்று நான் நேரடியாகவே கேட்டேன். "இப்ப பென்சிலால எழுதியிருக்கிறம் எண்டு நினையுங்கோ அம்மா" என்றார் டொக்டர். மனம் எகிறியிருக்கும்போது மட்டும் குரல் கேட்டு, மனம் இறங்கியதும் அதுவும் போனால் ஒரு கதை. மனம் சமநிலையில் இருக்கும்போதும் தொடர்ந்து கேட்டால் வேறு கதை. அதை ஒரு நாளில் பார்த்துச் சொல்ல முடியாது, காலம்தான் காட்டும் என்றார். எனக்கு அந்தப் பதில் பிடித்தது. முதல் நாளே அடித்துச் சொல்கிறவர்களைவிட, எதைப் பார்த்தால் தன் முடிவை மாற்றுவேன் என்று சொல்கிறவரை நம்பலாம்.

மச்சாளின் ஏ.டி.எச்.டி.யையும் கேட்டு வைத்தேன். டொக்டர் சிரிக்கவில்லை. ஆரம்பப் பள்ளி ரிப்போட்டுகளைக் கொண்டுவரச் சொன்னார். ஏ.டி.எச்.டி. என்றால் 12 வயதுக்கு முதலே அடையாளம் தெரியவேண்டும், விட்டு விட்டு வராமல் எப்போதும் இருக்கவேண்டும். புலமைப்பரிசில் எழுதின வருஷம்வரை எல்லா ரிப்போட்டிலும் "அமைதியானவர், கவனமானவர்" என்றே ஆசிரியர்கள் எழுதியிருந்தார்கள். அந்தச் சந்தேகம் அத்தோடு போனது. பழைய ரிப்போட்டுகளை எறியாதீர்கள்.

வார்ட்டிலிருந்து வந்ததும் ஒரு சீ.ஆர். கொப்பியில் கோடு போட்டு எழுதத் தொடங்கினேன். எத்தனை மணிக்குப் படுத்தாள், எத்தனை மணிக்கு எழும்பினாள், என்ன சாப்பிட்டாள், மாதவிடாய் எப்போது, எந்தக் குளிசை. பக்கத்தில் ஒரு வரி, அதில் கண்டது மட்டும். "திமிராக இருந்தாள்" என்று எழுதினால் டொக்டருக்கு ஒன்றும் தெரியாது. "இரவு 11 மணிக்கு அலுமாரியை முழுக்க இறக்கி அடுக்கத் தொடங்கினாள், 2 மணிக்கு நிறுத்தினாள்" என்றால் தெரியும். கிளினிக்கில் எங்களுக்குப் பின்னால் எத்தனையோ பேர் நிற்பார்கள். டொக்டருக்கு அந்தக் கொப்பியைப் புரட்ட ஒரு நிமிஷம் போதும். நான் வாயால் சொல்ல அரை மணித்தியாலம் வேண்டும். நல்லாய் இருந்த நாட்களையும் விடாமல் எழுதுங்கள். சோர்ந்து கிடக்கும்போது மட்டும் டொக்டரிடம் போனால் அவர் பார்ப்பது சோர்வை மட்டும்தான். மற்றப் பாதியை வீடு பார்க்கும், சந்தோஷப்படும், சொல்லாமல் விட்டுவிடும்.

கொப்பி எழுதினால் இன்னொரு பயமும் தெளியும். காலையில் சிரித்து, பின்னேரம் அழுது, இரவு கதவடிக்கிற எல்லாப் பிள்ளைக்கும் பைபோலர் இல்லை. மனம் எகிறுகிற நிலையை மேனியா என்பார்கள்; அப்படிச் சொல்ல அந்த எழுச்சி ஒரு கிழமையாவது நாள் முழுக்க நிற்கவேண்டும், அல்லது வார்ட்டில் வைக்கும் அளவுக்குப் போகவேண்டும். மனச்சோர்வு என்றால் இரண்டு கிழமையாவது நிற்கவேண்டும். பத்து நிமிஷக் கோபத்துக்கு இந்தப் பெயர்களை வைக்கத் தேவையில்லை.

குடும்ப விஷயத்துக்கு வருகிறேன். டொக்டர் ஒரு தாளில் பெட்டியும் வட்டமும் போட்டு, இரண்டு பக்கத்திலும் மூன்று தலைமுறையைக் கேட்டார். மனநோய், தற்கொலை, குடி, காரணமில்லாமல் வீட்டைவிட்டுப் போனவர்கள். என் பக்கத்தை நான் சொன்னேன். இவர் "அப்பிடி ஒருத்தரும் இல்லை" என்றார். இவருடைய மூத்த அண்ணர் ஒருவர் இருந்தவர், 95 இடப்பெயர்வோடு இறந்துபோனார். இந்தியன் ஆமி அடித்ததில் இருந்து அவருக்குச் சுகமில்லை என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அடித்ததும் உண்மை. இவருக்கு அப்போது பன்னிரண்டு, பதின்மூன்று வயது. அதை நோயாக இவர் நினைத்ததே இல்லை. எங்கள் ஊரில் இது பெரிய சிக்கல். யுத்தம் என்ற காரணம் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் தயாராக நிற்கிறது. நிறையப் பேருக்கு அதுதான் காரணமும். அதனாலேயே வேறு காரணம் இருக்கிற ஆட்களையும் அது மூடிவிடுகிறது. மகளுக்கும் அதைச் சொல்லிப் பார்த்தார்கள். யுத்தம் முடிந்த 2009 மே மாதம் அவளுக்கு ஒரு வயதுகூட நிரம்பவில்லை.

அடுத்தநாள் குசினியில் மாமி, இவருடைய அம்மா, பயத்தங்காய் முறித்துக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில் நின்றேன். கையை நிறுத்தாமல், என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அவனும் இப்பிடித்தான் பிள்ளை. ஆமி வர முந்தியே."

ஏ.எல். எடுக்கிற வருஷம் இரவிரவாக நித்திரை கொள்ளாமல் இருந்தாராம். வீட்டு நெல்லை அள்ளி ஊருக்குக் கொடுத்தாராம். பிறகு மாதக்கணக்கில் இருட்டு அறையில் கிடந்தாராம். சொந்தக்காரருக்கு வேலை விஷயம் என்று சொல்லிவிட்டுக் கொழும்புக்குக் கொண்டுபோய் அங்கொடை மனநல ஆஸ்பத்திரியில் காட்டியிருக்கிறார்கள். "இரத்தம் எடுத்து எடுத்துப் பார்த்து ஒரு குளிசை குடுத்தவங்கள். அது குடிச்ச காலம் தங்கமா இருந்தவன். தொண்ணூறில பாதை பூட்ட மருந்து வரேல்லை." முறித்த பயத்தங்காயைச் சுளகோடு என்னிடம் தள்ளிவிட்டு எழும்பிப் போனார். தங்கச்சிமாருக்குக் கலியாணம் ஆகவேண்டும் என்று முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் மூடி வைத்த விஷயம். எனக்கு அவரில் கோபம் வரவில்லை.

அடுத்த கிளினிக்கில் நான் இதைச் சொன்னதும் டொக்டர் திரும்பிக் கேட்டது அந்தக் குளிசையைப் பற்றித்தான். இரத்தம் எடுத்து அளவு பார்க்கிற குளிசை என்றால் அது அநேகமாக லிதியம். பைபோலர் குடும்பங்களில் ஓடுகிற நோய், லிதியத்துக்குக் கேட்கிற தன்மையும் சில குடும்பங்களில் அப்படியே ஓடும். மகளுக்கு லிதியம் தொடங்கினார்கள். பைபோலருக்கு வல்புறோவேற் என்று இன்னொரு குளிசையும் உண்டு. கருவில் இருக்கும் குழந்தையை அது மோசமாகப் பாதிக்கும் என்பதால் பெண்பிள்ளைகளுக்கு அதைத் தவிர்க்கப் பார்ப்பார்கள். பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஏன் இந்தக் கதை என்று நினைக்காமல், மகள் உள்ளவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இது பல வருஷம் குடிக்கிற மருந்து.

லிதியத்தைப் பற்றி யாழ்ப்பாணத்து வீடுகளுக்கென்று சில விஷயம் சொல்லவேண்டும். இரத்தத்தில் அதன் அளவு ஒரு குறுகிய எல்லைக்குள் நிற்கவேண்டும்; குறைந்தால் வேலை செய்யாது, கூடினால் நஞ்சு. கடைசிக் குளிசை எடுத்து 12 மணித்தியாலத்தில் இரத்தம் கொடுக்கவேண்டும். ஆகவே கிளினிக் நாளில் காலைக் குளிசையைக் குடித்துவிட்டுப் போனால் கணக்குப் பிழைக்கும். உடம்பில் உப்பும் தண்ணீரும் குறைந்தால் லிதியம் ஏறும். கந்தசஷ்டிக்கு மாமி வழக்கம்போல ஆறு நாளும் விரதம், மகளும் பிடிப்பேன் என்று நின்றாள். உப்பில்லாச் சாப்பாடு, வெறும் பால்பழம், தண்ணீர்கூடக் குடிக்காத உபவாசம் எல்லாம் இந்தக் குளிசையோடு ஆகாது. மாமியே "நீ கோயிலுக்கு மட்டும் வா, முருகன் ஒண்டும் சொல்லமாட்டான்" என்று தீர்த்து வைத்தார். வயிற்றோட்டம், வாந்தி, காய்ச்சல் வந்தால் காத்திருக்காமல் டொக்டரைக் கேட்கவேண்டும். கை பெரிதாக நடுங்கினால், நடை தள்ளாடினால், பேச்சுக் குழறினால் நேரே ஆஸ்பத்திரிதான்.

இன்னொன்று மாதவிடாய் வயிற்றுவலி. பாமசியில் கேட்டவுடன் தருகிற மெபனமிக் அசிட், ஐபுபுறோபன், டைக்குளோபினாக் மூன்றும் லிதியத்தை ஏற்றிவிடக்கூடியவை. பனடோல் பரவாயில்லை. எந்தப் பாமசிக்குப் போனாலும் லிதியம் குடிக்கிற பிள்ளை என்று முதலே சொல்லிவிடுகிறேன். சிறுநீரகமும் தைரொயிட்டும் இடைக்கிடை பார்ப்பார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் கிளினிக்கும் மருந்தும் இலவசம். ஒரு நாள் லீவுதான் போகும்.

நூல் கட்டும் விஷயம் ஒரு வசனத்தில் முடிந்தது. "நூலும் கட்டுங்கோ, குளிசையும் குடுங்கோ, அடிக்கவும் பட்டினி போடவும் மட்டும் ஒருத்தரையும் விடாதேங்கோ" என்றார் டொக்டர்.

டொக்டர் மகளோடு தனியாகக் கதைக்கவேண்டும் என்றால் வெளியே போய்விடுங்கள். பிறகு "என்ன கேட்டவர்?" என்று துருவாதீர்கள். எனக்குச் சொல்லாத ஒன்றை அவள் அங்கே சொல்லியிருந்தாள்: சுருண்டு கிடந்த நாட்களில் சாக நினைத்தது. உயிருக்கு ஆபத்து என்பதால் அதை மட்டும், அவளிடம் சொல்லிவிட்டு, எங்களுக்குச் சொன்னார்கள். சாக நினைக்கிறாயா என்று பிள்ளையிடம் நேரே கேட்டால் அந்த எண்ணத்தை நாங்களே கொடுத்ததாகிவிடும் என்று பயப்படத் தேவையில்லை. கேட்டால் அது பிள்ளைக்குப் பாரம் இறங்குகிற மாதிரித்தான் என்றார் டொக்டர். அதன் பிறகு நான் கேட்கிறேன். வீட்டில் எல்லாருடைய குளிசையும் தோட்டத்துப் பூச்சிமருந்தும் பூட்டுக்குள் போனது. அங்கொடைத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அவளே தன் போனில் போட்டு வைத்திருக்கிறாள். இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம், தமிழிலும் கதைக்கலாம்.

மாரியில் திரும்பவும் ஒரு சோர்வு வந்தது. முந்தியதைப்போல ஆழமில்லை, குரலும் இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் டொக்டர் பெயரை உறுதியாக எழுதினார். இரண்டாவது ஆளிடம் காட்ட விரும்பினால் காட்டலாம், நாங்களும் ஒரு தடவை காட்டினோம். ஆனால் வார்ட்டிலிருந்து விடும்போது தந்த டயக்னோசிஸ் காட், பழைய துண்டுகள், இரத்த ரிப்போட்டுகள், கொப்பி எல்லாவற்றையும் ஒரே பையில் கொண்டுபோங்கள். வெறுங்கையோடு போனால் எல்லாம் தொடக்கத்திலிருந்து தொடங்கும், குளிசையும் மாறும். ஆள் மாறும் இடைவெளியில் மருந்தைத் திடீரென்று நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து.

பள்ளிக்கூடத்தில் பகுதித் தலைவிக்கு மட்டும் சொன்னேன். நோயின் பெயர் சொல்லவில்லை. மருந்து குடிக்கிறாள், தண்ணீர்ப் போத்தல் எப்போதும் பக்கத்தில் இருக்கவேண்டும், அடிக்கடி சலம் போக விடவேண்டும், நித்திரை குறைந்து பேச்சுக் கூடினால் எனக்குப் போன் பண்ணவேண்டும். அது போதுமாக இருந்தது. சைக்கிளை வாங்கிய பிள்ளையின் தாய் தானாகவே திருப்பிக் கொண்டுவந்து தந்தார். மகள் வெட்கத்தில் உள்ளே ஓடிவிட்டாள்.

இப்போது மாமியின் கவலை வேறு. கலியாணம் பேசும்போது இதைச் சொல்வதா விடுவதா என்று போன கிழமை கேட்டார். சொல்லத்தான் வேண்டும் என்றேன். மகள் மேசையில் இருந்து நிமிராமல், "அப்பம்மா, முதல் பௌதிகவியல் பாஸ் பண்ணுறன், பிறகு கதைப்பம்" என்றாள்.